சின்ன கோர்ட் மார்ஷலைக் கூட்ட யாருக்கு அதிகாரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். அந்த ஊர் மட்டுமல்ல, அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம், ஆரணி பக்கத்துக் கிராமங்களிலும் தாத்தா, அப்பா, பேரன் என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. நான் தரைப்படையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி அட்ஜுடன்ட் எனப்படும் யூனிட் நிர்வாக அதிகாரியின் அலுவலகத்தில் கழிந்ததால், குற்றப்பத்திரிகைகளையும் சாட்சியச் சுருக்கங்களையும் என் கையால் தட்டச்சு செய்திருக்கிறேன். அதை அறிந்த ஊர்க்காரர்கள், யூனிட்டிலிருந்து ஏதாவது ஒரு ‘பேப்பர்’ வந்தால் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

சென்ற மார்கழியில் ஓர் அம்மா, மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துத் திண்ணையில் விரித்து, அடியிலிருந்த கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். “இது யாரு சார் போட்ட கையெழுத்து? பெரியவரா, சின்னவரா?” என்றார். ராணுவ நீதிமன்றத்தைப் பற்றி என்னிடம் இதுவரை கேட்கப்பட்ட கேள்விகளில் மிகச் சரியான கேள்வி அதுதான். எந்த நீதிமன்றம், எவ்வளவு தண்டனை, அடுத்த மனுவை யாருக்கு எழுதுவது ஆகிய அனைத்தும் அந்தக் கையெழுத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தந்திருக்கிறேன். பதில்கள் 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தையும் 1954ஆம் ஆண்டின் ராணுவ விதிகளையும் ஒட்டியவை. கடற்படை, விமானப்படை பற்றித் தனியாக ஒரு கேள்வி பின்னால் வருகிறது.

கோர்ட் மார்ஷல்னா ஒண்ணுதானே சார்? அதுல என்ன பெருசு, சின்னது?

கோர்ட் மார்ஷல் என்பது படையினரை விசாரிக்கும் ராணுவ நீதிமன்றம். அது ஒன்றல்ல, நான்கு. சட்டத்தின் 108ஆம் பிரிவு அவற்றை வரிசைப்படுத்துகிறது: ஜெனரல் கோர்ட் மார்ஷல், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல், சம்மரி ஜெனரல் கோர்ட் மார்ஷல், சம்மரி கோர்ட் மார்ஷல். தாள்களில் இவை ஜி.சி.எம்., டி.சி.எம்., எஸ்.ஜி.சி.எம்., எஸ்.சி.எம். என்று சுருக்கமாகவே இருக்கும்.

இவற்றுள் டிஸ்ட்ரிக்ட், சம்மரி ஆகிய இரண்டைத்தான் கீழ்நிலை நீதிமன்றங்கள் என்று சொல்ல வேண்டும். இவை இரண்டாலும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது. டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை விதிக்கலாம், சம்மரி அதிகபட்சம் 1 ஆண்டு. ஆனால் ‘சின்னது’ என்ற சொல்லைக் கேட்டு யாரும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். பணிநீக்கம் செய்யும் அதிகாரம் இரண்டுக்கும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளின் வாழ்க்கையைத் திருப்பிப் போடுவது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

‘கன்வீன்’ பண்றாருன்னு போட்டிருக்குது. அப்படின்னா தீர்ப்பு சொல்றவரும் அவர்தானா?

இல்லை. கூட்டுபவர் வேறு, அமர்ந்து விசாரிப்பவர்கள் வேறு. ராணுவ நீதிமன்றம் ஒரு நிரந்தரக் கட்டடத்தில் நாள்தோறும் நடக்கும் நீதிமன்றம் அல்ல. ஒரு குறிப்பிட்ட வழக்குக்காக, குறிப்பிட்ட அதிகாரிகளைப் பெயர் சொல்லி நியமித்து, இன்ன நாளில் இன்ன இடத்தில் கூட வேண்டும் என்று ஒருவர் கையெழுத்திட்டால்தான் அது பிறக்கிறது. தீர்ப்பு உறுதியானதும் அதன் வேலை முடிந்தது. அந்தக் கையெழுத்தை இடுபவரே கூட்டும் அதிகாரி.

கையெழுத்திடுவதற்கு முன் அவருக்கு ஒரு கடமை இருக்கிறது. குற்றச்சாட்டு சட்டப்படி குற்றமாகும் செயலைத்தான் சொல்கிறதா, விசாரணைக்கு அனுப்பும் அளவுக்குச் சாட்சியம் இருக்கிறதா என்ற இரண்டிலும் அவர் மனநிறைவு அடைந்திருக்க வேண்டும் என்று 37ஆம் விதி கூறுகிறது. கூட்டிய அதிகாரி அந்த நீதிமன்றத்தில் உறுப்பினராக அமரக் கூடாது என்பது 39ஆம் விதி. குற்றம் சாட்டப்பட்டவரின் கமாண்டிங் ஆபீசர் (யூனிட்டின் கட்டளை அதிகாரி, சுருக்கமாக சி.ஓ.), வழக்கை முன்கூட்டியே விசாரித்தவர், சாட்சியச் சுருக்கத்தைப் பதிவு செய்தவர், சாட்சி சொல்பவர் ஆகியோருக்கும் அதே தடை உண்டு. சம்மரி கோர்ட் மார்ஷல் மட்டும் இந்த அமைப்புக்கு வெளியே நிற்கிறது. அதைக் கீழே தனியாக விளக்குகிறேன்.

டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல்னா நம்ம சத்துவாச்சாரி கோர்ட்டுக்கா கேஸு வரும்?

வராது. இங்கே டிஸ்ட்ரிக்ட் என்பது வேலூர் மாவட்டமோ ராணிப்பேட்டை மாவட்டமோ அல்ல. பிரிட்டிஷ் காலப் படை நிர்வாகத்தில் இருந்த ஒரு பிரிவின் பெயர் நீதிமன்றத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சத்துவாச்சாரியில் உள்ள மாவட்ட நீதிமன்றத்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை. மாவட்ட நீதிபதிக்கு இதில் மேல்முறையீடும் கிடையாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் விசாரணையை எந்த இடத்திலும் நடத்தலாம் என்று 124ஆம் பிரிவு சொல்வதால், ஒடுகத்தூர்ப் பையனின் வழக்கு அசாமிலோ ஜம்முவிலோ நடப்பதில் விதிமீறல் எதுவும் இல்லை.

அந்த டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷலை யார் கூட்டலாம்? பிரிகேடியரா இருந்தா போதுமா?

போதாது. இதை எத்தனை முறை சொன்னாலும் நம் ஆட்களுக்கு நம்ப முடிவதில்லை, ஏனெனில் பட்டாளத்தில் எல்லாவற்றையும் தோளில் உள்ள நட்சத்திரத்தை வைத்தே அளந்து பழகிவிட்டோம். நீதிமன்றத்தைக் கூட்டும் அதிகாரம் பதவியிலிருந்து தானாக வருவதில்லை. அது எழுத்து மூலமான அதிகார ஆணையிலிருந்து வருகிறது, சட்டம் அதை வாரண்டு என்கிறது.

109ஆம் பிரிவின்படி ஜெனரல் கோர்ட் மார்ஷலை மத்திய அரசு கூட்டலாம், தரைப்படைத் தலைமைத் தளபதி கூட்டலாம், அல்லது தலைமைத் தளபதியின் வாரண்டைப் பெற்ற அதிகாரி கூட்டலாம். 110ஆம் பிரிவு அதற்கு அடுத்த படி. ஜெனரல் கோர்ட் மார்ஷலைக் கூட்டும் அதிகாரமுள்ள எவரும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷலையும் கூட்டலாம். அப்படிப்பட்ட அதிகாரி தம் கையெழுத்தில் வாரண்டு கொடுத்து இன்னொரு அதிகாரியையும் அதற்கு அதிகாரப்படுத்தலாம். ஏரிக்குத் தாய்க்கால்வாயிலிருந்து நீர் வருவதைப் போல, தலைமைத் தளபதியிடமிருந்து டிவிஷன் போன்ற பெரிய அமைப்புகளின் தளபதிகளுக்கும், அவர்களிடமிருந்து பிரிகேடு தளபதிகளுக்கும் என இந்த அதிகாரம் பொதுவாக இறங்கி வருகிறது. நடுவில் ஒரு மதகு அடைபட்டிருந்தால் கீழே நீர் இல்லை. அதாவது ஒரு பிரிகேடியரிடம் வாரண்டு இருந்தால் அவர் கூட்டலாம், இல்லையென்றால் பிரிகேடியர் என்ற பதவி மட்டும் அவருக்கு அந்த அதிகாரத்தைத் தராது.

கூட்டப்பட்ட டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 3 அதிகாரிகள் அமர வேண்டும், ஒவ்வொருவரும் கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், பெற்று 2 முழு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். ஜெனரல் கோர்ட் மார்ஷலுக்கு 5 பேர், 3 ஆண்டுகள், அவர்களில் 4 பேராவது கேப்டன் பதவிக்குக் குறையாதவர்கள். உறுப்பினர் அனைவரும் குற்றம் சாட்டப்பட்டவரின் படைப்பிரிவையே சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது என்பதும் விதி. உறுப்பினர்களில் யாரையாவது ஏற்க இயலாது என்று குற்றம் சாட்டப்பட்டவர் ஆட்சேபிக்கலாம், 130ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது.

வாரண்டுன்னா போலீஸ் கொண்டாருவாங்களே, அதுவா?

அது கைது வாரண்டு. இங்கே சொல்லப்படுவது அதிகாரம் அளிக்கும் ஆணை. கொடுக்கும் அதிகாரி தமக்குத் தகுந்ததாகத் தோன்றும் கட்டுப்பாடுகளையும் நிபந்தனைகளையும் அதில் சேர்க்கலாம் என்று 111ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆகவே வாரண்டு இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அதில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்றும் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

உள்ளூர் போலீஸ் வீட்டுக்கு வருவது வேறு காரணத்தால். லீவு முடிந்தும் திரும்பாதவர் பற்றி யூனிட் தகவல் அனுப்பினால், 105ஆம் பிரிவின்படி காவல்துறை அவரைப் பிடித்து ராணுவத்திடம் ஒப்படைக்கும். போலீஸ் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, கோர்ட் மார்ஷலே முடிந்துவிட்டதாக எண்ணி அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் எந்த நீதிமன்றமும் இன்னும் கூட்டப்பட்டிருக்காது.

சம்மரி கோர்ட் மார்ஷலுக்கு யார் ஆர்டர் போடணும்?

யாரும் போட வேண்டியதில்லை. மற்ற மூன்றுக்கும் ‘கூட்டுதல்’ என்ற சொல்லைப் பயன்படுத்தும் சட்டம், சம்மரி கோர்ட் மார்ஷலுக்கு வந்ததும் ‘நடத்துதல்’ என்ற சொல்லுக்கு மாறிவிடுகிறது. ஒரு கோர் (படைப்பிரிவு), துறை, அல்லது தனிப்பிரிவின் கமாண்டிங் ஆபீசர் அதை நடத்தலாம், அவர் ஒருவரே நீதிமன்றம் ஆவார் என்று 116ஆம் பிரிவு கூறுகிறது. வாரண்டு கிடையாது, கூட்டும் அதிகாரி கிடையாது. யூனிட்டுக்குக் கட்டளை அதிகாரியாக இருப்பதே அதற்கான அதிகாரம்.

அந்த அறை எப்படி இருக்கும் என்று பெற்றோர் கேட்பார்கள். நான் பார்த்தவரையில் சொல்கிறேன். மேசைக்குப் பின்னால் சி.ஓ. அமர்ந்திருப்பார், மேசைமேல் சிவப்பு அட்டை போட்ட ராணுவச் சட்டப் புத்தகம் இருக்கும். பக்கவாட்டில் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் அதிகாரிகளாகவோ ஜே.சி.ஓ.க்களாகவோ (சுபேதார் போன்ற இளநிலைக் கமிஷன் அதிகாரிகள்), இரண்டிலும் ஒவ்வொருவராகவோ இருக்கலாம். தொடக்கம் முதல் முடிவு வரை அவர்கள் அங்கேயே இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் அவர்கள் உறுதிமொழி எடுப்பதில்லை, தீர்ப்பில் அவர்களுக்கு வாக்கும் இல்லை. பெல்ட்டும் தொப்பியும் கழற்றப்பட்ட பையன் எதிரே நிற்பான். அவனுக்கு உதவ ஒரு நண்பர் உடனிருக்கலாம், அவர் காதோடு ஆலோசனை சொல்லலாமே தவிர எழுந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று 129ஆம் விதி கூறுகிறது. ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?’ என்று கேட்கும்போது, சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற பயத்தில் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுகிறவர்கள் பலர். அந்த ஒரு சொல்லின் எடை அப்போது அவர்களுக்குத் தெரிவதில்லை. அவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு மனம் வலிக்கிறது.

ஒரே ஆளு புகாரும் பார்த்து, தீர்ப்பும் சொல்லி, தண்டனையும் கொடுத்தா, அவர் நினைச்சதுதான் சட்டமா?

அல்ல. 120ஆம் பிரிவு அவர் கையைப் பல இடங்களில் கட்டுகிறது. முதலாவது, ஆள் பற்றிய வரம்பு: தம் கட்டளையின்கீழ் உள்ளவர்களைத்தான் அவர் விசாரிக்கலாம், அவர்களிலும் அதிகாரி, ஜே.சி.ஓ., வாரண்ட் ஆபீசர் ஆகியோரை விசாரிக்க முடியாது. அடுத்தது தண்டனை வரம்பு. நடத்துபவர் லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்டவராக இருந்தால் 1 ஆண்டு வரையும், அதற்குக் கீழ்ப்பட்டவராக இருந்தால் 3 மாதம் வரையும் மட்டுமே சிறை விதிக்கலாம்.

மூன்றாவது வரம்பு குற்றம் பற்றியது. எதிரிக்கு உதவுதல் முதலிய 34ஆம் பிரிவுக் குற்றங்கள், கலகத்துக்கான 37ஆம் பிரிவு, பொதுக் குற்றவியல் சட்டத்தின்கீழ் வரும் சிவில் குற்றங்களுக்கான 69ஆம் பிரிவு, சி.ஓ.வுக்கு எதிராகவே செய்யப்பட்ட குற்றம் ஆகியவற்றை, உடனடி நடவடிக்கைக்குக் கடுமையான காரணம் இல்லாத நிலையில், மேலிடத்துக்கு அனுப்பிக் கேட்காமல் அவர் விசாரிக்கக் கூடாது. மேலிடம் என்பது டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷலைக் கூட்டும் அதிகாரமுள்ளவர், களப்பணியில் (எதிரிக்கு எதிரான நடவடிக்கை போன்ற பணியில்) என்றால் சம்மரி ஜெனரல் கோர்ட் மார்ஷலைக் கூட்டக்கூடியவர்.

விஷ்வ பிரிய சிங் வழக்கில் 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரத்தின் இயல்பையே விளக்கியது. சம்மரி கோர்ட் மார்ஷல் ஒரு விதிவிலக்கு, உடனடி நடவடிக்கை இன்றியமையாத நிலையில்தான் அதைக் கையாள வேண்டும் என்பது அதன் சாரம். எல்லா வழக்குக்கும் முதல் மருந்தாக எடுக்க வேண்டியது இதுவல்ல என்பதே என் அனுபவமும்.

சி.ஓ. லீவுல போயிட்டாரு. மேஜர் ஒருத்தர் பார்க்கிறாரு. அவரு நடத்தலாமா?

நடத்தலாம், அந்த நாளில் முறைப்படி சி.ஓ. பொறுப்பை ஏற்றிருந்தால். கமாண்டிங் ஆபீசர் என்பதைச் சட்டம் ஒரு பதவிப் பெயராகப் பார்க்கவில்லை. விதிகளின்படியோ வழக்கத்தின்படியோ அந்தக் கடமையைச் செய்ய வேண்டியவர் யாரோ அவரே கமாண்டிங் ஆபீசர். ஆனால் முந்தைய பதிலில் சொன்ன தண்டனை வரம்பு இங்கே கைகொடுக்கும். அவர் மேஜராக இருந்தால் 3 மாதத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது. இதோடு இன்னொரு காப்பும் உண்டு: நடத்தும் அதிகாரிக்கு 5 ஆண்டுக்குக் குறைவான பணிக்காலமே இருந்தால், களப்பணியில் அல்லாதபோது, பிரிகேடு தளபதி நிலைக்குக் குறையாத அதிகாரி ஒப்புதல் தரும்வரை தண்டனையை நிறைவேற்ற முடியாது.

பையனை வேற யூனிட்டுக்கு அட்டாச் பண்ணிட்டாங்க. அந்த சி.ஓ. விசாரிக்கலாமா?

இது நெடுங்காலம் சிக்கலாக இருந்தது. சொந்த யூனிட்டின் சி.ஓ. மட்டுமே சம்மரி கோர்ட் மார்ஷல் நடத்த முடியும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் கருதியது. மேலே சொன்ன 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. இணைக்கப்பட்டிருக்கும் யூனிட்டின் சி.ஓ.வின் கட்டளையின்கீழ் அவர் இருக்கிறார் என்பதால், அந்த சி.ஓ.வும் நடத்தலாம் என்பதே இப்போதைய நிலை. ‘வேற யூனிட்டு, அதனால செல்லாது’ என்ற ஒரே வாதத்தை நம்பி மனு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சி.ஓ. மேலேயே புகார் எழுதினவனை, அதே சி.ஓ. உட்கார்ந்து விசாரிச்சா நியாயமா?

நியாயமில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ரஞ்சித் தாக்கூர் என்ற சிக்னல் படைவீரர், தமக்கு நேர்ந்த கொடுமை பற்றி மேலதிகாரிகளுக்கு நேரடியாகப் புகார் அனுப்பினார். அதற்காக அவருக்கு 28 நாள் சிறை விதிக்கப்பட்டது. அந்தச் சிறையில் இருந்தபோது, சாப்பிடும்படி இட்ட கட்டளையை மறுத்தார் என்பது அடுத்த குற்றச்சாட்டு. 1985ஆம் ஆண்டு நடந்த சம்மரி கோர்ட் மார்ஷல் அவருக்கு 1 ஆண்டு சிறையும் பணிநீக்கமும் விதித்தது. அவர் யார்மீது புகார் சொன்னாரோ அந்த அதிகாரியே அதில் அமர்ந்திருந்தார்.

1987ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை முழுவதும் நீக்கியது. சாப்பாட்டை மறுத்ததற்கு இந்தத் தண்டனை அளவுக்கு மிஞ்சியது என்றும், ஒருதலைச் சார்பு இருக்கக்கூடும் என்ற நியாயமான அச்சம் ஏற்படும் இடத்தில் அந்த அதிகாரி அமர்ந்திருக்கக் கூடாது என்றும் கூறியது. அதிகாரம் இருப்பது ஒன்று, அந்த வழக்கில் அதைப் பயன்படுத்தத் தகுதி இருப்பது வேறொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

என் பையனுக்கு 28 நாள் கொடுத்தாங்களாம். அது கோர்ட் மார்ஷல்ல வந்ததா?

28 நாள் என்ற எண்ணைக் கேட்டதும் பெரும்பாலும் 80ஆம் பிரிவை நினைக்கலாம். அது நீதிமன்றம் அல்ல. ஜே.சி.ஓ., வாரண்ட் ஆபீசர் நிலைக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, சி.ஓ. தம் அலுவலகத்தில் குற்றச்சாட்டைக் கேட்டு, ராணுவக் காவலில் 28 நாள் வரை சிறை, 28 நாள் வரை லைன்ஸை (படையினர் தங்குமிடத்தை) விட்டு வெளியே போகத் தடை, ஒரு மாதத்தில் 14 நாள் சம்பளம் வரை அபராதம் போன்றவற்றைக் கொடுக்கலாம். பணிநீக்கம் செய்ய முடியாது. அதே குற்றத்துக்கு 80ஆம் பிரிவில் ஒருமுறை தண்டித்துவிட்டால், பிறகு ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது என்று 121ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே 28 நாள் கொடுத்ததற்கான உத்தரவு நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

என் தம்பி சுபேதாரு. அவரை சின்ன கோர்ட்ல நிறுத்த முடியுமா?

முடியாது. டிஸ்ட்ரிக்ட், சம்மரி இரண்டும் ஜே.சி.ஓ.க்களையும் அதிகாரிகளையும் விசாரிக்கும் அதிகாரம் இல்லாதவை. நாயப் சுபேதாரிலிருந்து சுபேதார் மேஜர் வரை எவராக இருந்தாலும் ஜெனரல் அல்லது சம்மரி ஜெனரல் கோர்ட் மார்ஷல்தான். ஹவில்தார் வரை உள்ளவர்களைத்தான் கீழ்நிலை நீதிமன்றங்கள் தொடலாம். அக்னிவீரர்களும் இதே ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்களே. நான்கு ஆண்டுப் பணி என்பதால் அவர்களுக்குத் தனி நீதிமன்றம் எதுவும் இல்லை.

‘சம்மரி ஜெனரல்’னு பேர்லயே சம்மரி இருக்குதே, அதுவும் சின்னதுதானே?

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடம் இது. சம்மரி ஜெனரல் கோர்ட் மார்ஷலில் 3 அதிகாரிகள் மட்டுமே அமர்ந்தாலும், அதன் அதிகாரம் ஜெனரல் கோர்ட் மார்ஷலுக்குச் சமம். எவரையும் விசாரிக்கலாம், மரண தண்டனை வரை விதிக்கலாம், ஆனால் மரண தண்டனைக்கு உறுப்பினர் அனைவரும் உடன்பட வேண்டும்.

இதைக் கூட்டுவதற்கு 112ஆம் பிரிவு மூன்று வழிகளைச் சொல்கிறது. மத்திய அரசோ தலைமைத் தளபதியோ உத்தரவால் அதிகாரப்படுத்திய அதிகாரி கூட்டலாம். களப்பணியில் அந்தக் களப்படைகளின் தளபதியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கூட்டலாம். களப்பணியில் பிரிந்து நிற்கும் ஒரு படைப்பகுதியின் தலைவரும், ஒழுங்கையும் பணியின் நெருக்கடியையும் கருதி ஜெனரல் கோர்ட் மார்ஷல் நடைமுறையில் இயலாது என்று கருதினால் கூட்டலாம்.

கோட்டையில 1806ல சிப்பாய்ங்களைச் சுட்டாங்களே, அதுவும் கோர்ட் மார்ஷல்தானா?

பள்ளிப் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது மகிழ்ச்சியாக இருக்கும். வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய் எழுச்சியில் சிலர் கோர்ட் மார்ஷலில், பலர் எந்த நீதிமன்றமும் இல்லாமல் தண்டிக்கப்பட்டார்கள் என்பதே பதில். அந்த ஆண்டு மே மாதம் புதிய தலைப்பாகையை எதிர்த்த சிப்பாய்களுள் இருவருக்குக் கசையடியும் பணிநீக்கமும் விதிக்கப்பட்டன. ஜூலை 10 அன்று எழுச்சி வெடித்து, ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபின், அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த ஏறத்தாழ 100 சிப்பாய்கள் வெளியே இழுத்து வரப்பட்டுச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். அவர்களுக்குக் குற்றப்பத்திரிகை இல்லை, கூட்டும் உத்தரவும் இல்லை. பிறகு முறையான விசாரணை நடந்து, 6 பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள், 5 பேர் சுடப்பட்டார்கள், 8 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், 5 பேர் நாடு கடத்தப்பட்டார்கள்.

கையெழுத்து, வாரண்டு, 3 பேர், 5 பேர் என்று நான் கணக்குப் பார்ப்பது சிலருக்கு வெறும் காகித வேலையாகத் தோன்றலாம். அந்தக் காகிதம் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு நம் கோட்டைச் சுவரே சாட்சி. இன்றைய சட்டத்தில் கசையடி கிடையாது.

கூட்டினவரே தீர்ப்பை ‘கன்ஃபர்ம்’ பண்ணுவாரா?

ஜெனரல், டிஸ்ட்ரிக்ட், சம்மரி ஜெனரல் ஆகிய மூன்றின் தீர்ப்பும் தண்டனையும் உறுதிப்படுத்தப்படும்வரை செல்லாது. டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷலின் தீர்ப்பை, ஜெனரல் கோர்ட் மார்ஷலைக் கூட்டும் அதிகாரமுள்ளவரோ அவரிடம் வாரண்டு பெற்றவரோ உறுதிப்படுத்தலாம். ஆகவே சில நேரம் கூட்டியவரும் உறுதிப்படுத்துபவரும் ஒருவராகவே இருக்கலாம். உறுதிப்படுத்துவதற்கு முன்பே மனு கொடுக்கும் உரிமை 164ஆம் பிரிவில் உண்டு. தீர்ப்பு வாசித்ததும் வாய்மூடி இருந்துவிடாமல் இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

சம்மரி கோர்ட் மார்ஷலுக்கு உறுதிப்படுத்தல் தேவையில்லை, தண்டனை உடனே நடைமுறைக்கு வரும். 5 ஆண்டு பணிக்காலம் பற்றி மேலே சொன்ன விதிவிலக்கு மட்டும் நினைவிருக்கட்டும். ஆனால் நடவடிக்கைக் கோப்பு தாமதமின்றி டிவிஷன் அல்லது பிரிகேடு தளபதிக்குப் போக வேண்டும். அவரோ தலைமைத் தளபதியோ, வெறும் தொழில்நுட்பக் குறைக்காக அல்லாமல் வழக்கின் உண்மை நிலையைக் கருதி, அதை ரத்து செய்யலாம் அல்லது தண்டனையைக் குறைக்கலாம். இது 162ஆம் பிரிவு.

அதிகாரமே இல்லாதவர் கூட்டிட்டா என்ன ஆகும்?

அந்த நீதிமன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று தொடக்கத்திலேயே, குற்றத்தை ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று சொல்வதற்கு முன்பாக, ஆட்சேபம் எழுப்பலாம். 51ஆம் விதி அதற்கு இடம் தருகிறது. பிறகு மேல்முறையீட்டிலும் அது வலுவான காரணம். எனினும், கூட்டும் உத்தரவில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதையும் வாரண்டே இல்லாதிருப்பதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முன்னது வழக்கைக் கவிழ்க்காது.

மேல்முறையீட்டுக்கு இப்போது ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ராணுவ நீதிமன்றத்தின் முடிவை எதிர்த்து ஒரு மேல்முறையீட்டு வழிகூட இல்லையே என்று 1982ஆம் ஆண்டு பிரித்தி பால் சிங் பேடி வழக்கில் உச்ச நீதிமன்றம் வருந்தியது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் தீர்ப்பாயம் அமைந்தது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு, காட்பாடியில் காலை ரயில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். தண்டனையை எதிர்த்த மேல்முறையீட்டுக்கு 90 நாள் கெடு. சம்மரி கோர்ட் மார்ஷலில் பணிநீக்கமோ 3 மாதத்துக்கு மேற்பட்ட சிறையோ விதிக்கப்பட்டிருந்தால் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

அரக்கோணத்துல நேவி இருக்குது, தக்கோலத்துல சி.ஐ.எஸ்.எஃப். இருக்குது. அங்கேயும் இதே சட்டமா?

இல்லை. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் பணிபுரியும் கடற்படையினருக்கு 1957ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டம் பொருந்தும். விமானப்படைக்கு 1950ஆம் ஆண்டின் விமானப்படைச் சட்டம் இருக்கிறது, அதில் சம்மரி கோர்ட் மார்ஷல் என்ற வகையே இல்லை. சி.ஐ.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். வீரர்களுக்குக் கோர்ட் மார்ஷல் கிடையாது. எல்லைப் பாதுகாப்புப் படைக்கு 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனிப் பாதுகாப்புப் படை நீதிமன்றங்கள் உள்ளன. முப்படையினரும் சேர்ந்து பணிபுரியும் அமைப்புகளில், 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2024 மே 10 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, அந்த அமைப்பின் தளபதி தமக்குக் கீழுள்ள மூன்று படையினர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்.

டிஸ்மிஸ் ஆயிட்டா பென்ஷன் போயிடுமா?

ராணுவச் சட்டத்தின்கீழ் பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு முந்தைய பணிக்காலத்துக்கான ஓய்வூதிய உரிமை இல்லை என்பதே பொதுவிதி. விதிவிலக்கான நிலையில் அரசு கருணை காட்டலாம். 14 ஆண்டு பணிபுரிந்த ஒரு நாயக், ஒரே பிற்பகலில் முடிந்த சம்மரி கோர்ட் மார்ஷலால் 15 ஆண்டு ஓய்வூதியத்தின் வாசற்படியில் அதை இழக்க நேரலாம். பணிவிடுப்பு என்னும் டிஸ்சார்ஜ் வேறு. தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

பேப்பர் வந்துடுச்சு. நான் முதல்ல எதைப் பார்க்கணும்?

அடியில் உள்ள கையெழுத்தையும் அதன்கீழ் எழுதப்பட்ட பதவியையும் பாருங்கள். கமாண்டிங் ஆபீசர் என்று இருந்து, தலைப்பில் எஸ்.சி.எம். என்று இருந்தால், அவரே நீதிமன்றம். கட்டளைத் தளபதி ஒருவரின் பெயரில் உத்தரவும், கீழே மூன்று நான்கு அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலும் இருந்தால் அது டிஸ்ட்ரிக்ட் அல்லது அதற்கு மேற்பட்டது. அடுத்து தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டைத் தெரிவித்ததற்கும் விசாரணை தொடங்குவதற்கும் இடையே, களப்பணியில் அல்லாதபோது, 96 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பது 34ஆம் விதி. குற்றம் நடந்து 3 ஆண்டு கடந்திருந்தால், ஓடிப்போதல், கலகம், மோசடியாகச் சேர்தல் போன்றவை தவிர மற்றவற்றில் விசாரணையே தொடங்க முடியாது.

மஞ்சள் பையோடு வந்த அந்த அம்மாவின் தாளில் கர்னல் ஒருவரின் கையெழுத்து இருந்தது. மகன் லீவு முடிந்து 41 நாள் கழித்துத் திரும்பியவன். நான் தாளின் பின்புறத்தில் மூன்று வரி தமிழில் எழுதிக் கொடுத்தேன்: நண்பர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை அனுப்புங்கள், நடவடிக்கைக் கோப்பின் நகலை எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். அன்று மாலையே அவர் அந்தச் சீட்டுகளை விரைவுத் தபாலில் சேர்த்துவிட்டு, ரசீதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.